சர்ப்ரைஸ், ஷாக்: எதை எங்கே சொல்வது? ஆங்கிலம் புதிதாகக் கற்போருக்கான வழிகாட்டி

எதிர்பாராத ஒன்றைக் காணும்போதோ கேட்கும்போதோ மனத்தில் எழும் உணர்வைச் சொல்ல ஆங்கிலத்தில் எத்தனையோ சொற்கள் உண்டு. அவற்றுள் ஆங்கிலம் புதிதாகக் கற்பவர் முதலில் எடுத்தாள்பவை சர்ப்ரைஸ், ஷாக் என்னும் இரண்டுமே. இரண்டும் தமிழ்ப் பேச்சில் எப்போதோ குடியேறிவிட்டவை என்பதால், இவற்றைத் தனியாகக் கற்க வேண்டும் என்ற எண்ணமே பலருக்கு எழுவதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்ப் பேச்சில் ஷாக் என்னும் சொல் மிகவும் விரிந்துவிட்டது. வடசேரிச் சந்தையில் தக்காளி விலை குறைந்தாலும் ஷாக், பழைய நண்பர் திருமண அழைப்பிதழோடு வாசலில் வந்து நின்றாலும் ஷாக், உறவினர் இறந்த செய்தி வந்தாலும் ஷாக். ஆங்கிலத்தில் இம்மூன்றையும் ஒரே சொல்லால் சொன்னால், முதல் இரண்டு இடங்களில் கேட்பவர் குழம்பிப்போவார்.

இந்தக் கட்டுரை யாருக்கானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செவிலியர் படிப்பை முடித்து அயல்நாட்டு வேலைக்காக ஓ.இ.டி., ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் திறன் தேர்வுகளுக்குப் படிப்போர், கன்னியாகுமரியில் விடுதிகளிலும் சுற்றுலா வழிகாட்டும் பணியிலும் சேர்ந்திருப்போர், நாள்தோறும் ரயிலேறித் திருவனந்தபுரத்து அலுவலகங்களுக்குச் சென்று ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவோர், தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குள் நுழைந்திருப்போர் ஆகியோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். இவர்கள் எல்லோருக்கும் இலக்கணப் புத்தகம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அந்தப் புத்தகம் சொல்லாமல் விட்ட வேறுபாட்டையே இங்கே படிப்படியாகக் காண்கிறோம்.

முதற்படி: ஏணியை மறந்துவிடுங்கள்

பல வகுப்புகளில் இவ்விரண்டு சொற்களையும் ஒரே ஏணியின் இரு படிகளாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சிறிதளவு எதிர்பாராதது என்றால் சர்ப்ரைஸ், பெரிதளவு எதிர்பாராதது என்றால் ஷாக் என்பது அந்தப் பாடம். மனப்பாடம் செய்ய இது எளிது; ஆயினும் இது தவறு என்றே கருதுகிறேன். தவறு என்பதற்கு ஒரே ஒரு சான்று போதும். நெடுநாள் நோயுற்றுப் படுக்கையில் கிடந்த தாத்தா ஒருநாள் காலமாகிறார். மருத்துவர் முன்பே கைவிரித்துவிட்டார். வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்துத்தான் இருந்தார்கள். இருந்தும் செய்தி வந்த கணத்தில் நெஞ்சு கலங்கிவிடுகிறது. இதை ஆங்கிலேயர் "இட் வாஸ் நாட் எ சர்ப்ரைஸ், பட் இட் வாஸ் ஸ்டில் எ ஷாக்" என்று இயல்பாகச் சொல்வார்கள். ஷாக் என்பது பெரிய சர்ப்ரைஸ்தான் என்றால், சிறியதே இல்லாத இடத்தில் பெரியது எப்படி வந்தது? ஏணியின் கீழ்ப்படி இல்லாமல் மேற்படி மட்டும் நிற்க முடியாது.

ஆகவே இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடைகள். சர்ப்ரைஸ் என்னும் சொல், நான் இதை எதிர்பார்த்தேனா என்ற கேள்விக்கு விடை சொல்கிறது. ஷாக் என்னும் சொல், இது என்னை எப்படித் தாக்கியது என்ற கேள்விக்கு விடை சொல்கிறது. எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் இடையிலுள்ள தூரம் முன்னதன் பொருள்; மனத்தில் விழுந்த அடி பின்னதன் பொருள். பெரும்பாலான வேளைகளில் எதிர்பாராதவையே நம்மைத் தாக்குகின்றன என்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். சர்ப்ரைஸ் என்னும் சொல்லுக்குத் தனி நிறம் கிடையாது. நல்லதற்கும் அது பொருந்தும், கெட்டதற்கும் பொருந்தும். அதனால்தான் ஆங்கிலத்தில் "எ பிளெஸன்ட் சர்ப்ரைஸ்" என்றும் "எ நாஸ்டி சர்ப்ரைஸ்" என்றும் அடை சேர்த்து நிறம் ஊட்டுகிறார்கள். ஷாக் அப்படியன்று. அடை எதுவும் சேர்க்காவிட்டாலும் அது இருண்ட சொல். துயரம், அச்சம், அருவருப்பு, அறம் மீறப்பட்டதைக் கண்ட கொதிப்பு ஆகியவற்றுள் ஏதோ ஒன்று அதனுள் எப்போதும் இருக்கும்.

நம் பத்திரிகைகளுக்கும் திரைச் செய்திகளுக்கும் பிடித்தமான 'இன்ப அதிர்ச்சி' என்னும் தொடரை இங்கே எச்சரிக்கையோடு அணுக வேண்டும். தமிழில் அது நன்றாக நிலைத்துவிட்ட தொடர். அதைத் தமிழில் விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலத்துக்கு வரும்போது அதிலுள்ள அதிர்ச்சி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு "ஸ்வீட் ஷாக்" என்றும் "ஹேப்பி ஷாக்" என்றும் எழுதுகிறார்கள். அவ்விடத்தில் ஆங்கிலம் கேட்பது "பிளெஸன்ட் சர்ப்ரைஸ்" என்பதையே.

இரண்டாம் படி: தமிழ் மனத்தைக் கேளுங்கள்

எந்தச் சொல்லை எடுப்பது என்று ஐயம் வந்தால், அகராதியைத் தேடுவதற்கு முன் அதே நிகழ்ச்சியைத் தமிழில் எந்த மரபுத்தொடரால் சொல்வோம் என்று எண்ணிப் பார்ப்பது மிகச் சிறந்த வழி. மூக்கின்மேல் விரலை வைத்தேன், கண்கள் விரியப் பார்த்தேன், அட என்று வாயைப் பிளந்தேன் என்று சொல்லத் தோன்றினால் சர்ப்ரைஸ். பகீரென்றது, தலையில் இடி விழுந்தாற்போல் ஆனது, கைகால் ஓடவில்லை, உறைந்துபோய் நின்றேன் என்று சொல்லத் தோன்றினால் ஷாக். திடுக்கிட்டேன் என்பது மட்டும் இரண்டிலும் அடங்காது. பின்னால் பட்டாசு வெடித்தபோது உடல் துள்ளுகிறதே, அதற்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட்டில்ட் என்று தனிச்சொல் இருக்கிறது.

ஒரே வீட்டில் நிகழக்கூடிய இரண்டு காட்சிகளைப் பார்ப்போம். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகன், யாருக்கும் சொல்லாமல் விடுப்பெடுத்துக்கொண்டு விடியற்காலையில் கருங்கலில் உள்ள தன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறான். அடுக்களையில் தேயிலைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த அம்மா கதவைத் திறந்து, கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவும் மறந்தவராய், "எப்பம் மக்ளே வந்த?" என்று கேட்டபடி அவன் கன்னத்தைத் தடவுகிறார். இங்கே அம்மா சர்ப்ரைஸ்ட். மகன் வருவான் என்று அவர் எண்ணவே இல்லை. வந்தது கண்டு மனம் நிறைகிறது. இதே அம்மாவுக்கு நள்ளிரவில் ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. மகன் தங்கியிருக்கும் அறையிலிருந்து நண்பன் பேசுகிறான். மகனை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் சொல்கிறான். அவரால் அடுத்த கேள்வியைக் கேட்க முடியவில்லை; தொலைபேசியைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறார். இங்கே அம்மா ஷாக்ட். இரண்டும் எதிர்பாராதவைதாம். சொல் மாறுவதற்குக் காரணம் அவருடைய உடலும் மனமும் அந்தச் செய்தியை வாங்கிக்கொண்ட விதமே.

தமிழ் இலக்கணம் அறிந்தவர்களுக்கு இதைச் சொல்ல இன்னொரு வழியும் உண்டு. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்பட்டுத் தெரியும் உணர்வுகளை, எட்டாக வகுக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அவற்றுள் மருட்கை என்பது வியப்பு. அது பிறக்கும் இடங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கைச் சொல்கிறது. சர்ப்ரைஸ் என்னும் ஆங்கிலச் சொல் பெரும்பாலும் இந்த மருட்கைக்குள் அடங்கிவிடும். ஷாக் அதற்குள் அடங்காது. அது அச்சத்தையும், இழவால் வரும் அழுகையையும், அருவருப்பாகிய இளிவரலையும், சில வேளை சினமாகிய வெகுளியையும் தொட்டு நிற்கும். தொல்காப்பியம் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகிறது. விளவங்கோடு பகுதியிலுள்ள அதங்கோடே அவ்வூர் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தார் பெருமையோடு சொல்லிவருகிறார்கள். அந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்கு மருட்கையையும் அச்சத்தையும் பிரித்தறிவது புதுப்பாடமாக இருக்க வேண்டியதில்லை.

யார் பக்கம் நின்று சொல்கிறோம் என்பதும் சொல்லை மாற்றும். குளச்சல் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1741இல் மார்த்தாண்ட வர்மரின் திருவிதாங்கூர்ப் படை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைக் குளச்சலில் தோற்கடித்தது. அப்போது பிடிபட்ட டிலனாய் என்னும் படைத்தலைவர், பின்னாளில் அதே திருவிதாங்கூர் அரசின் படையைப் பயிற்றுவித்து அதன் தளபதியாகவே உயர்ந்தார். அவருடைய கல்லறை புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. இதை முதன்முதலாகக் கேட்கும் பயணிக்கு இது சர்ப்ரைஸிங். போரில் தோற்ற கம்பெனியின் பக்கம் நின்று அந்தத் தோல்வியைச் சொல்லும்போது அது ஷாக். நிகழ்ச்சி ஒன்றுதான், தூரத்திலிருந்து கேட்பவருக்கு வியப்பாகவும், அடிபட்டவருக்கு அதிர்ச்சியாகவும் இருக்கிறது. எனவே வாக்கியம் எழுதுமுன் எழுவாயாக நிற்பவர் யார் என்று பாருங்கள்.

சர்ப்ரைஸ் என்றாலே இலேசான சொல் என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள்; பலர் திரும்பி வரவில்லை. இதை ஆங்கிலத்தில் எழுதும் ஒருவர் "தி சைக்ளோன் டுக் தி ஃபிஷர்மென் பை சர்ப்ரைஸ்" என்று எழுதினால் அது அந்த மக்களின் துயரத்தைச் சிறுமைப்படுத்துவதாகாது. 'டேக் பை சர்ப்ரைஸ்' என்னும் தொடருக்கு, ஆயத்தமாக இல்லாத நேரத்தில் வந்து வளைத்துக்கொள்ளுதல் என்பது பொருள். பழைய பிரெஞ்சில் மேலே பாய்ந்து பிடித்தல் என்னும் பொருள்கொண்ட வினையிலிருந்து பிறந்த சொல் இது. போரில் முன்னறிவிப்பின்றித் தாக்குவதையே முதலில் குறித்தது. அதே கட்டுரையில், கரையில் காத்திருந்த குடும்பங்களுக்கு வந்த செய்தியைச் சொல்லும்போது "தி நியூஸ் கேம் ஆஸ் எ ஷாக்" என்றுதான் எழுத வேண்டும். கடலில் இருந்தவர்கள் எதிர்பாராமல் சிக்கியதற்கு ஒரு சொல்லும், கரையில் இருந்தவர்கள் நெஞ்சில் வாங்கியதற்கு ஒரு சொல்லும் வருகின்றன. ஷாக்கும் போர்க்களத்துச் சொல்தான். இரு படைகள் நேருக்கு நேர் மோதும் அந்த மோதலை அது குறித்தது. மோதல் என்னும் அந்தப் பொருள் இன்றும் வண்டியின் ஷாக் அப்சார்பரில் அப்படியே இருக்கிறது.

மூன்றாம் படி: ஊட்டுவதும் அடைவதும்

சொல்லைச் சரியாகத் தேர்ந்த பிறகும் வாக்கியத்தில் பிழை வருவதற்கு ஒரே காரணம்தான். 'நான் ஆச்சரியப்பட்டேன்' என்று தமிழில் சொல்லும்போது எழுவாய் நான். இதை அப்படியே பெயர்த்து "ஐ சர்ப்ரைஸ்ட் டு ஸீ ஹிம்" என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் சர்ப்ரைஸ் என்னும் வினைக்கு 'வியப்பூட்டு' என்பது பொருள். ஷாக் என்னும் வினைக்கு 'அதிர்ச்சியூட்டு' என்பது பொருள். எனவே அவ்வினையைச் செய்வது செய்தியோ நிகழ்ச்சியோதான்; நாம் அதை அடைகிறவர்கள்.

இதைத் தமிழின் 'ஊட்டு', 'அடை' என்னும் இரண்டு வினைகளைக் கொண்டே நினைவில் நிறுத்திக்கொள்ளலாம். செய்தி வியப்பூட்டியது: "தி நியூஸ் சர்ப்ரைஸ்ட் மீ". நான் வியப்படைந்தேன்: "ஐ வாஸ் சர்ப்ரைஸ்ட்". வியப்பூட்டும் செய்தி: "சர்ப்ரைஸிங் நியூஸ்". 'அடைந்தேன்' என்று தமிழில் வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'வாஸ்' அல்லது அதன் இனச்சொல் ஒன்று தவறாமல் வர வேண்டும். 'ஊட்டும்' என்று வரும் இடத்தில் 'இங்' வர வேண்டும். "ஐ ஆம் ஷாக்கிங்" என்று ஒருவர் சொன்னால், நான் பிறருக்கு அதிர்ச்சியூட்டுகிற ஆள் என்றே பொருள்படும். நேர்காணலில் இது நல்லதன்று.

அடுத்து, 'ஷாக் ஆயிட்டேன்' என்னும் பேச்சு வழக்கிலிருந்து பிறக்கும் "ஐ பிகேம் ஷாக்", "ஐ காட் ஷாக்" என்பவற்றை விட்டுவிட வேண்டும். "ஐ வாஸ் ஷாக்ட்" என்பது எங்கும் பொருந்தும். "ஐ காட் எ ஷாக்" என்றும் சொல்லலாம். ஆனால் அந்த 'எ' இல்லாமல் சொல்லக் கூடாது. மின்சாரம் தாக்கினாலும் இதே தொடர்தான் என்பதால், எதைக் குறிக்கிறோம் என்பது பேச்சின் சூழலில் தெளிவாக இருக்க வேண்டும்.

'இன்' என்னும் முன்னிடைச்சொல் சேரும்போது இரண்டும் வெவ்வேறு வழியில் போகின்றன. "ஷி லுக்ட் அட் மீ இன் சர்ப்ரைஸ்" என்றால் அவள் என்னை வியப்போடு பார்த்தாள். அது பார்த்த விதம். "ஷி இஸ் இன் ஷாக்" என்றால் அவள் அதிர்ச்சியிலிருந்து இன்னும் மீளவில்லை. அது ஒரு நிலை. "ஷி இஸ் இன் சர்ப்ரைஸ்" என்று யாரும் சொல்வதில்லை. வியப்பு வந்து கணத்தில் போய்விடும், அதிர்ச்சி தங்கிவிடும் என்பதை இந்தச் சிறு இலக்கணமே காட்டிவிடுகிறது; எனக்கு இது ஆங்கிலத்தின் மிக அழகான நுட்பங்களுள் ஒன்றாகத் தோன்றுகிறது.

உச்சரிப்பைப் பற்றிச் சுருக்கமாக: ஷாக்ட் என்பது ஓரசைச் சொல். ஷாக்-கெட் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டாம். ஷாக்டு என்று இறுதியில் உகரமும் சேர்க்க வேண்டாம். சர்ப்ரைஸ் என்பதில் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். எழுதும்போது முதல் ரகரத்தை விட்டுவிடுவது பரவலான எழுத்துப்பிழை.

நான்காம் படி: இடம் அறிந்து சொல்லுதல்

துக்கச் செய்திக்கு மறுமொழி எழுதுவதே இவற்றுள் மிக முக்கியமானது. உடன் பணிபுரிபவரின் தந்தை இறந்த செய்தி அறிந்து "ஐ ஆம் சர்ப்ரைஸ்ட் டு ஹியர் அபவுட் யுவர் ஃபாதர்" என்று எழுதினால், இலக்கணம் சரியாக இருக்கும். ஆனால் அந்த வரியில் ஈரம் இருக்காது. உங்கள் தந்தை இறந்ததை நான் எதிர்பார்க்கவில்லை என்று ஒரு தகவலைத் தெரிவிப்பதாகவே அது படும். "ஐ ஆம் ஷாக்ட் அண்ட் ஸேடண்ட் டு ஹியர்" என்பது அவ்விடத்துக்கு உரிய மரபுத்தொடர். இறந்தவர் நெடுநாள் நோயுற்றிருந்தவர் என்றால் ஷாக்ட் என்பதையும் விட்டுவிட்டு, "ஐ ஆம் வெரி ஸாரி டு ஹியர்" என்று எழுதுவதே பொருத்தம். துக்க வீட்டில் நாம் உரக்கப் பேசுவதில்லை அல்லவா, எழுத்திலும் அவ்வளவு கவனம் வேண்டும்.

அலுவலக மின்னஞ்சலில் சர்ப்ரைஸ்ட் என்னும் சொல் வேறு வேடம் போடும். மேலாளர் ஒருவர் "ஐ ஆம் சர்ப்ரைஸ்ட் தட் தி ரிப்போர்ட் ஹேஸ் நாட் ரீச்ட் மீ" என்று எழுதினால், அவர் வியந்துபோய் உட்கார்ந்திருக்கிறார் என்று எண்ண வேண்டாம்; அறிக்கை ஏன் வரவில்லை என்று கேட்கிறார். இது பண்பட்ட மொழியில் அமைந்த கண்டிப்பு. நம் பெரியவர்கள் "உன்னிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை" என்று தணிந்த குரலில் சொல்வார்களே, "ஐ ஆம் சர்ப்ரைஸ்ட் அட் யூ" என்பது முற்றிலும் அதுதான். இத்தகைய மடலுக்கு விளக்கமும் வருத்தமும் தெரிவித்து அன்றே மறுமொழி அனுப்புங்கள். நீங்கள் மேலாளருக்கு எழுதும்போது இத்தொடரைத் தவிர்ப்பது நல்லது. அதைவிட, "ஐ ஆம் ஷாக்ட்" என்று பணியிடத்து மடலில் எழுதுவது மிகக் கடுமையானது; எதிரில் இருப்பவர் அறம் தவறிவிட்டார் என்று குற்றஞ்சாட்டுவதாகவே படிக்கப்படும்.

சுற்றுலாப் பயணிகளோடு பேசுவோருக்கு நம் மாவட்டம் சர்ப்ரைஸ் என்னும் சொல்லைப் பழகுவதற்கென்றே அமைந்தது போன்றது. சித்திரா பௌர்ணமி மாலையில் கன்னியாகுமரியில் ஒரு பக்கம் கதிரவன் மறைவதையும் மறுபக்கம் முழுநிலவு எழுவதையும் ஒரே நேரத்தில் காணலாம். சுசீந்திரம் கோயிலில் கல்தூண்களைத் தட்டினால் இசை எழுகிறது. பறளியாற்றுக்கு மேலே ஏறத்தாழ 115 அடி உயரத்தில் மாத்தூர்த் தொட்டிப்பாலம் நீரைச் சுமந்து செல்கிறது. 133 அடி உயரமுள்ள திருவள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைத்து 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம் கொண்டது. இவற்றைக் காட்டி "யூ வில் பி சர்ப்ரைஸ்ட்" என்று சொன்னால் பயணி ஆவலோடு பின்தொடர்வார். "யூ வில் பி ஷாக்ட்" என்று சொன்னால், அங்கே ஏதோ விபத்தோ சீர்கேடோ இருப்பதாக எண்ணித் தயங்குவார். அதுவும் கண்ணாடிப் பாலத்தின் வாயிலில் நின்று அப்படிச் சொல்வது ஆகவே ஆகாது. வியப்போடு போற்றுதலும் கலந்திருக்கும் இடத்தில் அமேஸ்ட் என்னும் சொல் இன்னும் பொருந்தும். பயணி உங்களிடம் "தி ரூம் வாஸ் ஷாக்கிங்" என்று சொன்னால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரித்தானிய வழக்கில் ஷாக்கிங் என்பதற்கு மிக மோசமான என்றும் பொருள் உண்டு; அறையை உடனே போய்ப் பாருங்கள்.

மருத்துவமனைக்குச் செல்வோர் கற்க வேண்டியது தனிப்பாடம். அங்கே ஷாக் என்பது உணர்ச்சியின் பெயரன்று. உடலின் உறுப்புகளுக்குப் போதிய இரத்த ஓட்டம் சென்று சேராத, உயிருக்கு ஆபத்தான நிலையின் பெயர். குருதி இழப்பால் வருவது, இதயம் செயலிழப்பதால் வருவது, கடும் தொற்றால் வருவது, ஒவ்வாமையால் வருவது என்று அதில் வகைகள் உண்டு. இரத்த அழுத்தம் வீழ்தல், நாடி விரைதல், தோல் குளிர்ந்து வியர்த்தல் ஆகியவை அதன் அறிகுறிகளுள் அடங்கும். மகளின் விபத்தைக் கேட்டு அழுதுகொண்டிருக்கும் தாயைப் பற்றிச் செவிலியர் ஒருவர் "தி மதர் இஸ் இன் ஷாக்" என்று மருத்துவரிடம் சொன்னால், அவர் அந்தத் தாயின் நாடியைப் பிடிக்க ஓடிவருவார். "ஷி இஸ் வெரி டிஸ்ட்ரெஸ்ட்" என்பது அங்கே ஐயத்துக்கு இடமில்லாத தொடர். ஓ.இ.டி. தேர்வில் நோயாளியோடு பேசுவதுபோல் நடிக்கும் பகுதி உண்டு; அங்கே நோய்ச் செய்தியைக் கேட்டுக் கலங்கிய ஒருவரிடம் "ஐ அண்டர்ஸ்டாண்ட் திஸ் மஸ்ட் பி எ ஷாக்" என்று கனிவாகச் சொல்வது சரியான பயன்பாடு. நோயாளியிடமும் உறவினரிடமும் ஷாக் உணர்ச்சிச் சொல்லாக வரலாம். சக மருத்துவப் பணியாளரிடமும் குறிப்பேட்டிலும் அது நோய்நிலைச் சொல்லாக மட்டுமே வர வேண்டும்.

இந்த எல்லைகளை மீறும் ஆங்கிலத்தையும் நீங்கள் கேட்கத்தான் போகிறீர்கள். விளையாட்டுச் செய்தித் தலைப்புகளில் 'ஷாக் வின்' என்று வரும். யாரும் எதிர்பாராத வெற்றி என்பதே பொருள், துயரம் ஏதும் இல்லை. நண்பர்களுக்கிடையிலான பேச்சில், சாப்பாடு நன்றாக இருந்ததற்கும் "ஐ ஆம் ஷாக்ட்" என்று மிகைப்படுத்திச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், ஆனால் தேர்விலும் நேர்காணலிலும் அலுவலகத்திலும் அப்படிச் சொல்லத் துணிய வேண்டாம்.

பழகிப் பார்க்க

பின்வரும் சூழல்களுக்கு எந்தச் சொல் வரும் என்று தாளில் எழுதிவிட்டு, பிறகு விடைகளைப் பாருங்கள். மார்த்தாண்டத்துக் கடையில் நல்ல தேன் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பேருந்தில் முதியவர் ஒருவரை நடத்துநர் இழிவாகப் பேசி இறக்கிவிடுவதைக் காண்கிறீர்கள். தோவாளையில் பிறந்து வளர்ந்த தோழி, தனக்கு மல்லிகை மணம் பிடிக்காது என்கிறாள். மாலையில் மழை வரும் என்று வானம் பார்த்துச் சொல்கிறீர்கள். நன்றாகப் படித்த தம்பி தேர்வில் தவறிவிட்டான் என்று தெரிய வருகிறது.

தேனுக்குச் சர்ப்ரைஸ், "இட் வாஸ் சர்ப்ரைஸிங்லி சீப்" என்று சொல்லலாம். முதியவருக்கு நேர்ந்ததற்கு ஷாக். இங்கே மனத்தைத் தாக்குவது அநீதி. தோழி சொன்னதற்குச் சர்ப்ரைஸ். பூக்களுக்குப் பெயர்போன ஊரில் பிறந்தவள் என்ற நம் எதிர்பார்ப்பு பொய்த்தது, வேறொன்றும் இல்லை. மழைக்கு "ஐ வுட் நாட் பி சர்ப்ரைஸ்ட் இஃப் இட் ரெய்ன்ஸ்" என்று சொல்வார்கள். வந்தாலும் வரும் என்று தணிவாக ஊகிக்கும் இத்தொடரில் ஷாக்ட் என்று மாற்றினால் பொருள் கெட்டுவிடும். தம்பியின் தேர்வுக்கு இரண்டும் வரலாம்: அவனுடைய ஆசிரியர் "ஐ ஆம் சர்ப்ரைஸ்ட்" என்பார், அம்மா "ஐ ஆம் ஷாக்ட்" என்பார்.